நாற்பத்தொரு தௌ

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் எங்கள் வண்டி ரிப்பேர் கொட்டகை. அதைத் தாண்டி எந்த வண்டி போனாலும் என் புருஷன் இருசப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். "இன்ஜின்ல மூணாவது பிக் எண்ட் போச்சி" என்பார். சொன்னால் சொன்னதுதான். அப்படி ஒரு காது. ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால் ஆள் தொலைந்தார். 'அ' என்று எழுதிக் காட்டினால் இது நண்டா என்று கேட்பார்.

யுத்தம் முடிந்து மிலிட்டரி ஒர்க்ஷாப்பில் ஆட்களைக் குறைத்தபோது அவர் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு மைக்ரோமீட்டர். எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு அதில் ஒரு கூறை அளக்கிற சாமான் அது. அந்த ஒரு கூறுக்குத்தான் தௌ என்று பேர். வெங்காயத்தின் மேல்தோலே இரண்டு தௌ இருக்கும். சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்திருக்கிறேன்.

ஏனென்றால் அளக்கிறவள் நான். வாலாஜாபாத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டில் விட்டால் அம்மாவோடு சண்டை பிடிக்கிறேன் என்று என் அப்பா பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார். அந்தப் படிப்பு சண்டைக்கும் உதவியது, மைக்ரோமீட்டருக்கும் உதவியது. வண்டிக்காரன் எதிரே என் புருஷன் அதைக் கையில் எடுப்பார், கிராங்கின் மேல், அதாவது இன்ஜினுக்குள் சுழல்கிற இரும்புத் தண்டின் மேல், வைப்பார், ஒரு கண்ணை மூடுவார், "ம்ம்" என்பார். "கணக்குப் போட்டு சாயங்காலம் சொல்றேன்" என்று ஆளை அனுப்பிவிடுவார். அப்புறம் கிராங்கைத் தூக்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் வருவார். ஒரு பக்கம் எங்கள் அடுப்பு, ஒரு பக்கம் கிராங்க். நான் குழம்பைக் கிளறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அளப்பேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. ஊரில் அவருக்குப் பேர் 'தௌ மேஸ்திரி'. எனக்குப் பேர் 'மேஸ்திரி பொண்டாட்டி'. பாஞ்சாலி என்று ஒரு பேர் இருப்பது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

கொட்டகை நின்ற நிலம் மிராசு ராஜாராமுடையது. ராஜாராம் நல்ல மனுஷர்தான், அவருக்கு நல்லது நடக்கிற வரைக்கும். அவரிடம் ஒரு பழக்கம். பத்து, நூறு என்று பூஜ்யத்தில் முடிகிற மொட்டை எண் ஆகாது. மொய் எழுதினால் ஐம்பத்தொன்று, நூற்றியொன்று என்று எல்லாரும்தான் எழுதுகிறோம். ஆனால் இவர் எருமை வாங்கினாலும் அப்படி, வைக்கோல் கட்டு விற்றாலும் அப்படி. டாக்டர் பத்து மாத்திரை எழுதினால் பதினொன்று கேட்டு வாங்கி விழுங்குகிறவர். "ஒண்ணு சேத்தா வளரும்" என்பார். வயிறு வளர்ந்திருந்தது, அது உண்மை.

அந்தக் கார்த்திகைக் கடைசியில் அவருடைய பச்சைக் கார் படுத்துவிட்டது. யுத்தத்துக்கு முந்தைய கார். ஸ்டார்ட் செய்தால் உரலில் கல்லைப் போட்டு இடித்த மாதிரி சத்தம். தை மாதம் அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார். நாலு பேரை வைத்துக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் விட்டார்.

"இருசப்பா, மாப்ள அழைப்புல வண்டி ஜோரா போவணும். நடுவுல எங்கனா கடகடன்னுதுனு வெச்சிக்க, அன்னிக்கே கொட்டாயப் பிரிச்சிக்கினு போய்க்கினே இரு. எந்தம்பி மல்லாட்ட மிஷினு போடறதுக்கு எடம் கேட்டுக்கினே கீறான்."

வேர்க்கடலை மிஷினுக்கு முன்னால் எங்கள் கொட்டகை எம்மாத்திரம்? என் புருஷன் "சரிங்கய்யா" என்றார். வேறு என்ன சொல்வார்? வீடும் அதுதான், தொழிலும் அதுதான். பிரித்தால் மூங்கிலை எடுத்துப் போகலாம். சாலையை எடுத்துப் போக முடியுமா?

இன்ஜினைப் பிரித்துக் கிராங்கைக் கழற்றினோம். கிராங்கில் பேரிங் உட்காரும் இடங்கள் தேய்ந்திருந்தால் பட்டணத்தில் கொடுத்துச் சாணை பிடித்து உருட்டையாக்க வேண்டும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு தடிப்பான பேரிங் வாங்கிப் போட வேண்டும். நான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஒவ்வோர் இடத்தையும் நெடுக்கில் ஒரு தரம், குறுக்கில் ஒரு தரம் அளந்தேன். கிராங்கைத் தாங்கும் நடு இடங்கள் மூன்றும் தேறிவிட்டன. பிஸ்டன் தண்டுகள் வந்து பூட்டுகிற பிக் எண்ட் நாலும் முட்டை வடிவமாகப் போயிருந்தன. பிறந்தபோது இரண்டு அங்குலம், அதாவது இரண்டாயிரம் தௌ. இப்போது ஒரு பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, மறு பக்கம் அறுபத்து நாலு.

"யோவ், இத்த யாரோ ஏற்கெனவே முப்பது வரைக்கும் சாண புட்சிகீறான். இன்னும் ஒரே ஒரு தபாதான் பாக்கி. நாப்பது" என்றேன்.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல பேரிங்கு கெடையாது. பத்து, இருவது, முப்பது, நாப்பது. அவ்ளோதான் செய்யறான். நாப்பதும் போச்சினா கிராங்க ஏர் கலப்பைக்குத்தான் கட்டணும்."

ஒரு சீட்டில் தெளிவாக '40' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மிராசுவிடம் கொண்டுபோனார். போனவர் அரை மணியில் திரும்பி வந்து தட்டி ஓரம் நின்று தலையைச் சொறிந்தார்.

"இன்னாயா?"

"நாப்பது மொட்ட எண்ணாம். கல்யாண காரியத்துக்கு ஆவாதாம். நாப்பத்தொண்ணா வெச்சிக்க சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது. பிக் எண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இரண்டு தௌ இடம் விடுவார்கள். அந்த இடத்தில்தான் எண்ணெய் நின்று இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கும். நாற்பது பேரிங்கைப் போட்டு, கிராங்கை நாற்பத்தொன்று குறைத்தால் இடம் மூன்றாகிவிடும். வண்டி வேகமாக ஓடும்போது பம்பு எண்ணெயை அள்ளித் தள்ளும், சமாளித்துவிடும். இன்ஜின் சூடாகி, வண்டி நகர்ந்தும் நகராமல் போகும்போதுதான் எண்ணெய் தண்ணீராக வழிந்து ஓடும். சத்தம் கிளம்பும். மாப்பிள்ளை அழைப்பு என்பது என்ன? இரண்டு மணி நேரம் மேளத்துக்குப் பின்னால் ஆமை நடை. அதைவிட மோசமான ஓட்டம் அந்த இன்ஜினுக்குக் கிடையாது.

"போய் அவுரு கால்ல வுழுந்தாவது நாப்பதுன்னு சொல்ட்டு வா" என்று துரத்தினேன்.

போய்ச் சொன்னார். மிராசு, "சரி சரி, உன் இஷ்டம்" என்றாராம். அந்த மனுஷர் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுத்தாரே என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அன்று கறிக்குழம்பு வைத்தேன்.

மிராசுவின் கணக்கப்பிள்ளை வரதன் கிராங்கைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் பட்டணம் கொண்டுபோனான். பத்து நாள் கழித்து, மேலெல்லாம் கிரீஸ் தடவி, பேரிங் பெட்டியோடு திரும்பக் கொண்டுவந்தான். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. நான் துடைத்து அளந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. மைக்ரோமீட்டரைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தேன். நாலு இடத்திலும், நெடுக்கிலும் குறுக்கிலும், அதே ஐம்பத்தொன்பது. பட்டணத்துக்காரன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நாற்பத்தொன்று கேட்டிருக்கிறார்கள், நாற்பத்தொன்று கொடுத்திருக்கிறான்.

தட்டி மேல் தலையை நீட்டி வரதனைக் கேட்டேன். "மேஸ்திரி குட்த்த சீட்டு எங்கப்பா?"

"அது ஒரே எண்ணெக் கறையா கீதுன்னு மிராசு வேற தாள்ல எய்தச் சொன்னாரு" என்றான். சொன்னவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவு சொல்ல மைக்ரோமீட்டர் போதாது. கிராங்கைத் தூக்கி மிராசு வீட்டு நடுக்கூடத்தில் போட்டுவிட்டு வரலாம் என்றேன். என் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு கிராங்க் கிடைக்காது, கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான். பேரிங்குக்குப் பின்னால் சிகரெட் தாளை மடித்து வைப்பது என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆறு மாதத்தில் தாள் நசுங்கிப் போகும், அப்புறம் பேரிங்கே சுழன்றுவிடும். அதை இரண்டு பேருமே பேசவில்லை. உள்ளபடியே பூட்டினோம். அவர் மிராசுவிடம் போய், "வேகமா ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது. ஊர்வலத்துல மட்டும் இன்ஜினை நிறுத்திட்டு ஆள வெச்சித் தள்ளுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். மிராசுவுக்குப் பேஜாராகிவிட்டது. "தள்றதுக்கு இன்னாத்துக்குடா காரு? அதுக்கு மாட்டு வண்டி போதாதா?" என்று விரட்டிவிட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது வாலாஜாபாத்திலிருந்து சம்பந்தி சின்னராசு வந்தார். அரிசி மில் வைத்திருக்கிறவர். அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, ஊர்வலம் போகிற தெருவெல்லாம் காட்டுகிறேன் என்று மிராசு காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. முதலில் லேசாக. அப்புறம் கடகடவென்று. என் புருஷன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

கார் எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே வேடிக்கை பார்க்கிற கூட்டமும் வந்தது. மிராசு இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"எங்கடா தௌ மேஸ்திரி? இன்னா வேலடா செஞ்சிகீற? தப்பா அளந்து எய்திக் குட்த்துட்டு, என் சம்பந்தி எதிர்க்க என்னத் தலகுனிய வெச்சிட்டியே! நாளைக்குக் காலைல இங்க கொட்டா இருக்கக் கூடாது."

"நா நாப்பதுதான்யா எய்திக் குட்த்தன்" என்றார் என் புருஷன்.

"நாப்பதா?" மிராசு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பட்டணத்துக்குப் போய்த் திரும்பிய சீட்டு. "தோ கீது உன் சீட்டு. நீயே படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

நான் தட்டிக்குப் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தாளைக் கையில் வாங்கினார். கண் மங்கல், வெளிச்சம் போதவில்லை, கண்ணாடியைக் காணவில்லை என்று அவரிடம் ஆயிரம் சாக்கு உண்டு. பன்னிரண்டு வருஷமாக அதையெல்லாம் சொல்லித்தான் தப்பித்திருக்கிறார். இப்போதும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடு, சாமி, என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். தட்டிப் பக்கம் பார்த்தார். தாளை மிராசுவிடமே நீட்டினார்.

"எனக்குப் படிக்க வராதுங்கய்யா."

சொல்லிவிட்டு அவர் தட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒரு எழுத்தும் தெரியாது. அளக்கறதெல்லாம் எம் பொண்டாட்டி. பன்னெண்டு வருசமா அவதான் அளக்கறா, நா வெறும் ஆளு. அவ நாப்பதுன்னு சொன்னானா அது நாப்பதுதான்."

சிரிப்பு கிளம்பியது பாருங்கள். "தௌ மேஸ்திரி, தௌ மேஸ்திரின்னு கூப்ட்டமே, மேஸ்திரி வூட்டுக்குள்ள கீதா!" என்று ஒருவன். "சோறும் அவதான் ஊட்டி வுடுவாளா, மேஸ்திரி?" என்று இன்னொருவன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. அதற்கு மேல் நான் உள்ளே இருந்தால் நான் மனுஷியே இல்லை. மீன் கழுவின கையோடு வெளியே வந்தேன்.

மிராசுவும் சிரித்துக்கொண்டிருந்தார். "அப்டிச் சொல்லு. பொம்பள அளந்திகீறா. நாப்பது எது, நாப்பத்தொண்ணு எதுன்னு அவளுக்கு இன்னா தெரியும்? அதான் தப்பாப் போச்சி."

"அந்தச் சீட்டு என் எய்த்து இல்ல" என்றேன்.

"நீ எதுக்குடி நடுவுல வர்ற?"

சம்பந்தி சின்னராசு கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவருக்கு மில்லில் இன்ஜின் இருக்கிறது, இரண்டு லாரி இருக்கிறது. எண்ணெயில் நனைந்த மனுஷர்.

"நீ சொல்லும்மா. நாப்பதுக்கும் நாப்பத்தொண்ணுக்கும் ஒரு தௌதான வித்தியாசம், அது இன்னா அவ்ளோ பெருசா?"

நான் வரதன் பக்கத்தில் போய் அவன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினேன். சீட்டை மாற்றி எழுதின பாவத்துக்கு அந்த வலியாவது அவனுக்கு இருக்கட்டும். உள்ளேயிருந்து மைக்ரோமீட்டரை எடுத்துவந்து, முடியை அதில் வைத்துத் திருகி, சம்பந்தியிடமே நீட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மூணு தௌ" என்றார்.

"இந்த மசுர மூணாப் பொளந்து அதுல ஒண்ண எட்த்தா ஒரு தௌ. அவ்ளோதான் ஜாஸ்தி. அந்தச் சத்தந்தான் நீங்க கேட்டது."

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முடியைப் பார்க்க நாலு பேர் முண்டியடித்தார்கள்.

"சரி. பேரிங்கு இன்னா இன்னா அளவுல வரும், சொல்லு" என்றார் சம்பந்தி.

"பத்து, இருவது, முப்பது, நாப்பது. ஒலகத்துல எந்தக் கடைல கேட்டாலும் அவ்ளோதான்யா."

"அப்ப நாப்பத்தொண்ணு?"

"அப்டி ஒரு அளவே கெடையாதுங்க. ஸ்பானர் புடிக்கற கை நாப்பத்தொண்ணுன்னு எய்தாது. மொய் எய்தற கைதான் எய்தும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். கூட்டம் மொத்தமும் திரும்பி மிராசுவைப் பார்த்தது. பதினொரு மாத்திரையும் நூற்றியொரு கட்டு வைக்கோலும் தெரியாதவன் அந்த ஊரில் யார்? பின்னால் ஒருவன் முதலில் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்புறம் சாலையே சிரித்தது. வரதன்கூடச் சிரித்துவிட்டு, உடனே இருமினான்.

சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. "நிச்சயத்துக்கு நூறு தேங்கா பேசிட்டு நூத்தியொண்ணு அனுப்சீங்க. நல்ல மனசுன்னு நெனச்சன்" என்றார். "சம்பந்தி, தேங்கா ஒண்ணு ஜாஸ்தினா தொவையல் அரைக்கலாம். இதுல இன்னா அரைப்பீங்க?"

மிராசு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "ஒண்ணு சேத்தா வளரும்னு... நல்லதுக்குத்தான..." என்று என்னவோ சொன்னார்.

"நம்ம மில்லு லாரி ஒண்ணு பொங்கலுக்கு அப்பறம் இந்தம்மா கைக்குத்தான் வரும். கொட்டாயப் பிரிச்சிட்டீங்கனா நா எங்க வுடறது?" என்றார் சம்பந்தி.

"யாரு பிரிக்கச் சொன்னா?" என்றார் மிராசு. "நா சும்மா மெரட்டனன். மல்லாட்ட மிஷினுக்கு ஏரிப் பக்கம் எடம் கீது."

மாப்பிள்ளை அழைப்பில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பத்து ஆள் போதும் என்று நான் சொல்லியனுப்பினேன். எத்தனை பேர் தள்ளினார்கள் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். காரை இன்றைக்கும் வேகமாகத்தான் ஓட்டுகிறார், மெதுவாகப் போகப் பயம்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு என் புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். சுத்தமாக இருந்த ஒரு பிளக்கை மறுபடி சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் மீனைக் குழம்பில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன்.

"சிரிச்சானுங்க இல்ல?" என்றார்.

"சிரிச்சாங்க."

"என்னப் பாத்தா, அவரப் பாத்தா?"

"மொதல்ல உன்னப் பாத்து. அப்பறம் அவரப் பாத்து."

"யாரப் பாத்து ஜாஸ்தி?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அது பாவமில்லை. ஆனால் அளவு கேட்டால் எனக்குப் பொய் வராது.

"உன்னப் பாத்துதான்யா ஜாஸ்தி."

அவர் தலையை ஆட்டினார். பிளக்கை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அவர் மைக்ரோமீட்டர் பெட்டியையும் நான் உட்காரும் மணையையும் எடுத்துக்கொண்டு வந்தார். சாலையோரம், வண்டிக்காரர்கள் வந்து நிற்கிற இடத்தில், வெயில் விழுகிற பக்கமாக மணையைப் போட்டு, பக்கத்தில் பெட்டியை வைத்தார்.

"இனிமே இங்கயே குந்திக்கினு அள" என்றார். "உள்ள ரொம்ப இருட்டா கீது. உனக்குக் கண்ணு கெட்டுடும்."

அங்கே இருட்டு என்பது பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் அழுதது நான்தான். அழுதுகொண்டே போய் மணையில் உட்கார்ந்து பார்த்தேன்.